கடை திறந்திருக்கிறது, சட்டம் அனுமதிக்கவில்லை: அமெரிக்கக் கஞ்சா அரசியல் குறித்து வாசகர் கேள்வி – பதில்

கஞ்சாவை மிகக் கடுமையான போதைப்பொருள் பட்டியலிலிருந்து கீழிறக்கும் பணியை விரைவுபடுத்தும்படி அதிபர் டிரம்ப் 2025 டிசம்பர் 18 அன்று உத்தரவிட்டதை ஒட்டி, டெல்டா மாவட்டங்களிலிருந்து வாசகர்கள் எழுதிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இம்முறை பதில் தருகிறோம். பிள்ளைகளைப் படிக்கவோ வேலைக்கோ அந்நாட்டுக்கு அனுப்பியிருக்கும் வீடுகளிலிருந்தே பெரும்பாலான கடிதங்கள் வந்திருக்கின்றன.

கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: அமெரிக்கா கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிவிட்டது என்று இங்கே செய்தி படித்தேன். நியூ ஜெர்சியில் இருக்கும் என் மகனோ, "அப்பா, இங்கே கடை திறந்து பல வருஷம் ஆகிறது" என்கிறான். எது உண்மை?

உங்கள் மகன் சொல்வது உண்மை. நீங்கள் படித்த செய்தி உண்மையல்ல. நியூ ஜெர்சியில் 2022 ஏப்ரல் முதல் 21 வயது நிரம்பிய எவரும் உரிமம் பெற்ற கடையில் கஞ்சா வாங்கலாம். 2012-இல் கொலராடோ, வாஷிங்டன் மாநிலங்களின் வாக்காளர்கள் தொடங்கிவைத்த இந்த வரிசையில் 24 மாநிலங்கள் சேர்ந்துவிட்டன. மருத்துவத் தேவைக்கு மட்டும் அனுமதிக்கும் மாநிலங்கள் இவற்றுக்கு வெளியே இன்னும் பல உண்டு. ஆனால் இவை அனைத்தும் மாநிலச் சட்டங்கள். அமெரிக்க நாடாளுமன்றம் 1970-இல் இயற்றி, அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டத்தின்படி, அதே கடையில் அதே பொட்டலத்தை விற்பவர் மத்திய அரசின் கண்ணில் போதைப்பொருள் வியாபாரிதான்.

அந்தச் சட்டம் போதைப்பொருள்களை ஐந்து பட்டியல்களாகப் பிரிக்கிறது. ஏற்கத்தக்க மருத்துவப் பயன் இல்லாதவை, துர்ப்பயன்பாட்டுக்கு மிகவும் இடம் தருபவை என்று கருதப்படுபவை முதல் பட்டியலில் வரும். ஹெராயினும் எல்.எஸ்.டி.யும் இருக்கும் அந்தப் பட்டியலில் கஞ்சாவையும் வைத்தார்கள். கொக்கைனோ இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. கஞ்சாவை முதல் பட்டியலில் வைத்தது முடிந்த முடிவாகவும் அப்போது கருதப்படவில்லை. அதை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது; பென்சில்வேனியாவின் முன்னாள் ஆளுநர் ஷேஃபர் தலைமையிலான அக்குழு, சொந்த உபயோகத்துக்காகக் கஞ்சா வைத்திருப்பதைக் குற்றமாகக் கொள்ள வேண்டாம் என்று 1972-இல் பரிந்துரைத்தது. நிக்சன் அதை ஏற்கவில்லை. அதன் பிறகு அரை நூற்றாண்டு அந்தப் பட்டியல் அப்படியே இருந்தது.

டிரம்பின் உத்தரவு, கஞ்சாவை மூன்றாம் பட்டியலுக்கு மாற்றும் நடைமுறையை விரைந்து முடிக்கும்படி நீதித் துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரலைப் பணிக்கிறது. இந்த நடைமுறையைத் தொடங்கியவர் டிரம்ப் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். மறுபரிசீலனைக்கு 2022 அக்டோபரில் ஆணையிட்டவர் பைடன். சுகாதாரத் துறை 2023 ஆகஸ்டில் மூன்றாம் பட்டியலைப் பரிந்துரைத்தது. நீதித் துறை 2024 மே மாதத்தில் வரைவு விதியை வெளியிட்டது. 2025 ஜனவரியில் தொடங்கவிருந்த விசாரணை தள்ளிப்போடப்பட்டது. மூன்றாம் பட்டியலில் கெட்டமைனும் சில ஸ்டெராய்டுகளும் உள்ளன. அவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்றால் குற்றம். ஆகவே கஞ்சா அந்தப் பட்டியலுக்கு வந்தாலும், உங்கள் மகன் தெருவில் உள்ள கடை மத்தியச் சட்டப்படி சட்டபூர்வமாகிவிடாது.

தஞ்சாவூரிலிருந்து சட்டக் கல்லூரி மாணவி ஒருவர்: மத்தியச் சட்டம் தடை செய்ததை ஒரு மாநிலம் எப்படி அனுமதிக்க முடியும்? நம் அரசமைப்பில் அப்படிச் செய்ய இடமுண்டா?

அமெரிக்க மாநிலங்கள் மத்தியச் சட்டத்தை ரத்து செய்யவில்லை. தங்கள் குற்றச் சட்டத்திலிருந்து கஞ்சாவை எடுத்துவிட்டன, அவ்வளவுதான். அங்கே மத்திய அரசுக்கும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிக் குற்றச் சட்டமும், தனித்தனிக் காவல் அமைப்பும், தனித்தனி நீதிமன்றமும் உண்டு. மத்திய அரசின் சட்டத்தை நிறைவேற்றும்படி மாநில அதிகாரிகளுக்கு மத்திய அரசு கட்டளையிட முடியாது என்று, துப்பாக்கிச் சட்டம் தொடர்பான ஒரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1997-இல் தீர்ப்பளித்திருக்கிறது. மத்தியப் போதைப்பொருள் தடுப்பு அமைப்பிடம் சில ஆயிரம் முகவர்களே இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டு நாடு முழுதும் உள்ள கடைகளை மூட இயலாது. மாநிலக் காவல் துறை கையைக் கட்டிக்கொண்டு நின்றால் சட்டம் ஏட்டில் நிற்கும்.

ஆனால் மத்திய அரசுக்கு அதிகாரமே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. கலிபோர்னியாவில் மாநில அனுமதியோடு தன் நோய்க்காக ஒரு பெண்மணி வீட்டில் வளர்த்த ஆறு செடிகளை மத்திய முகவர்கள் 2002-இல் அழித்தார்கள். விற்பனையும் இல்லை, மாநில எல்லையைத் தாண்டவும் இல்லை. இருந்தும் மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை முறைப்படுத்தும் அதிகாரத்தின் கீழ் இது மத்திய அரசுக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு ஊன்றி நின்றது 1942-ஆம் ஆண்டின் ஒரு கோதுமை வழக்கின் மீது: ஒஹாயோவில் ஒரு விவசாயி, ஒதுக்கப்பட்ட பரப்புக்கு மேல், தன் பண்ணைத் தேவைக்கென்று விதைத்த கோதுமைக்கும் மத்திய அரசு அபராதம் விதிக்கலாம் என்று அப்போது தீர்ப்பாயிற்று. வீட்டுப் பத்தாயத்துக்கென்று அறுத்த நெல்லுக்கும் தில்லி கணக்குக் கேட்கலாம் என்றால் நம் ஊரில் என்ன பேச்சு எழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

ஆகவே இப்போது நடப்பது, அதிகாரம் இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் இருக்கும் ஓர் ஏற்பாடு. மாநில விதிகளுக்கு உட்பட்டு நடப்பவர்கள் மீது வழக்குத் தொடர்வதற்கு முன்னுரிமை தர வேண்டாம் என்று நீதித் துறை 2013-இல் ஒரு குறிப்பாணை அனுப்பியது. அதை 2018 ஜனவரியில் டிரம்பின் முதல் ஆட்சியின் அட்டர்னி ஜெனரல் செஷன்ஸ் திரும்பப் பெற்றார். கடைகள் ஒன்றும் மூடப்படவில்லை. மாநில மருத்துவக் கஞ்சாத் திட்டங்களில் தலையிட நீதித் துறை பணம் செலவிடக்கூடாது என்ற நிபந்தனையை 2014 இறுதி முதல் நிதி ஒதுக்கீட்டுச் சட்டங்களில் நாடாளுமன்றமே சேர்த்து வருகிறது. ஒரு கையால் தடை செய்துவிட்டு, மறு கையால் அந்தத் தடையை அமலாக்கப் பணம் இல்லை என்கிறது அதே நாடாளுமன்றம். பாதி அனுமதித்தும் பாதி தடுத்தும் நிற்கும் இந்த நிலை முரணானது என்று, 2005 தீர்ப்பில் மாறுபட்டு எழுதிய நீதிபதி தாமஸ் 2021-இல் மீண்டும் குறிப்பிட்டார்.

நம் நாட்டில் இந்த வழி இல்லை. மருந்துகளும் நச்சுப் பொருள்களும் பொதுப்பட்டியலில் இருக்கின்றன. மத்தியச் சட்டமான 1985-ஆம் ஆண்டின் என்.டி.பி.எஸ். (போதைப்பொருள் தடுப்பு) சட்டத்தை அமல்படுத்துவதில் நம் மாநிலக் காவல் துறைக்குப் பெரும் பங்கு உண்டு. மத்தியச் சட்டத்தோடு மாநிலச் சட்டம் முரண்பட்டால் 254-ஆம் பிரிவின்படி மத்தியச் சட்டமே நிற்கும்; குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தால் மட்டும் அந்த மாநிலத்தில் மாநிலச் சட்டம் நிற்கும். 2017-இல் ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடு சென்ற வழி அதுதான். 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. கஞ்சா சாகுபடிக்கும் விற்பனைக்கும் விதிகள் வகுக்க என்.டி.பி.எஸ். சட்டத்தின் 10-ஆம் பிரிவு மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது என்றாலும், மருத்துவ, அறிவியல் தேவை என்ற வேலிக்குள்தான் அது அடங்கும். வடக்கே சில மாநிலங்களில் பாங்கு என்ற கஞ்சா இலைச் சரக்கை விற்பது இதற்கு விலக்கல்ல. பூவும் காயும் சேராத தனி இலை அச்சட்டத்தின் கஞ்சா வரையறைக்குள்ளேயே வருவதில்லை. மதுவோ முழுக்க மாநிலப் பட்டியலில் இருப்பது. வாஞ்சூர் சோதனைச்சாவடிக்கு அந்தப்பக்கம் காரைக்காலில் ஒரு விலையும், இந்தப்பக்கம் நாகூரில் வேறு விலையுமாக இருப்பது அதனால்தான்.

திருவாரூரிலிருந்து ஒரு வாசகர்: கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவதை அந்நாட்டு மக்களில் பெரும்பான்மையினர் ஆதரிக்கிறார்கள் என்கிறார்கள். மாநிலங்களில் பாதி ஏற்றுக்கொண்டுவிட்டது. பிறகும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றாமல் இருப்பதற்கு என்ன காரணம்?

கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 1969-இல் 12 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். 2023-இல் 70 சதவீதம் பேர். இவ்வளவு பெரிய மாற்றம் அமெரிக்கப் பொதுக்கருத்தில் அபூர்வம். இருந்தும் சட்டம் வராததற்கு நான் காணும் முதற்காரணம், அது வராமல் இருப்பதனால் அதிகாரத்தில் உள்ள எவருக்கும் பெரிய நஷ்டம் இல்லை என்பதே. நாடாளுமன்ற வாக்கு எண்ணிக்கை அதற்கு அடுத்த காரணம்.

எண்ணிக்கையை முதலில் பார்த்துவிடலாம். கஞ்சாவைப் பட்டியல்களிலிருந்தே நீக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 2020 டிசம்பரில் 228-க்கு 164 என்றும், 2022 ஏப்ரலில் 220-க்கு 204 என்றும் நிறைவேறியது. முதல் முறை ஐந்து குடியரசுக் கட்சியினரும், இரண்டாம் முறை மூவரும் மட்டுமே ஆதரித்தார்கள். இரண்டு முறையும் மேலவையான செனட்டில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. செனட்டில் மாநிலத்துக்கு இருவர் என்பது கணக்கு. ஏறக்குறைய நான்கு கோடி மக்கள் வாழும் கலிபோர்னியாவுக்கும் இருவர், ஆறு லட்சத்துக்கும் குறைவானோர் வாழும் வயோமிங்குக்கும் இருவர். இதற்கு மேல், விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுவர 100 பேரில் 60 பேர் இசைய வேண்டும். மக்கள் தொகையில் 70 சதவீதம் என்பது செனட்டில் 60 பேர் ஆகிவிடுவதில்லை.

ஆனால் கட்சி அரசியலை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போனால் பாதிதான் சொன்னதாகும். கஞ்சா நிறுவனங்கள் வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ள வழிசெய்யும் சிறிய மசோதா ஒன்று 2019 செப்டம்பரில் பிரதிநிதிகள் சபையில் 321-க்கு 103 என்று இரு கட்சியினரின் ஆதரவோடும் நிறைவேறியது. அதுவும் செனட்டைத் தாண்டவில்லை. குடியரசுக் கட்சித் தலைமை அதை விரும்பவில்லை என்பது ஒருபுறம். மறுபுறம், முதலாளிகளுக்கு வங்கி வசதி செய்துகொடுத்துவிட்டால் சிறைப்பட்டவர்களுக்கும் பழைய தண்டனைப் பதிவால் வேலை கிடைக்காதவர்களுக்கும் நீதி கேட்க ஆள் இருக்காது என்று ஜனநாயகக் கட்சியின் முன்னணி செனட்டர்கள் சிலரே நினைத்தார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும் முழுச் சீர்திருத்தம் கேட்டுக் காத்திருந்ததில் அரைச் சீர்திருத்தமும் போயிற்று என்பதுதான் நடந்தது.

தொழிலின் நிலையும் நாம் நினைப்பதுபோல் இல்லை. மத்தியத் தடை இருப்பதால் கஞ்சா மாநில எல்லையைத் தாண்ட முடியாது. நியூயார்க்கில் விற்பதை நியூயார்க்கிலேயே வளர்த்தாக வேண்டும். வெயிலும் நிலமும் வாய்த்த ஒரெகானில் தேவைக்கு மேல் விளைந்து விலை சரிந்து கிடக்க, குளிர் மாநிலங்களில் மின்விளக்கின் கீழ் அதிகச் செலவில் வளர்த்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். முழுத் தடையும் நீங்கினால் ஒரெகான் சரக்கு லாரியில் வந்து இறங்கும். ஆகவே குறைந்த எண்ணிக்கையில் உரிமம் தரும் மாநிலங்களில் உரிமம் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு, வரிச்சுமை குறைய வேண்டும், ஆனால் எல்லைகள் திறக்க வேண்டாம் என்ற ஆசை இருப்பது இயல்பு. பட்டியல் மாற்றம் அந்த ஆசைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. தம் ஊரிலேயே கடை கிடைத்துவிட்ட வாக்காளருக்கோ, வாஷிங்டனில் சட்டம் மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன?

அலை ஓய்கிறது என்பதற்கும் அறிகுறிகள் உண்டு. 2024 நவம்பரில் புளோரிடாவில், டிரம்பே ஆதரித்தும், 56 சதவீத வாக்குப் பெற்ற திட்டம் தோற்றது. அங்கே 60 சதவீதம் தேவை. வட டகோட்டாவும் தென் டகோட்டாவும் அதே நாளில் மறுத்தன. கேலப் கணிப்பிலும் ஆதரவு 2025-இல் 64 சதவீதமாக இறங்கியது.

பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகி: பக்கத்து நாடான கனடா ஒரே சட்டத்தில் முடித்துவிட்டதே?

ஆம், 2018 அக்டோபர் 17 முதல். கனடாவில் குற்றச் சட்டம் முழுக்க மத்திய நாடாளுமன்றத்தின் கையில் இருப்பது. 2015 தேர்தலில் வாக்குறுதி தந்து பெரும்பான்மை பெற்ற ட்ரூடோவின் கட்சிக்கு அதை நிறைவேற்ற 60 பேரைத் தேட வேண்டியிருக்கவில்லை. விற்பனையை எப்படி நடத்துவது என்பதை மட்டும் மாகாணங்களுக்கு விட்டார்கள். அமெரிக்காவில் மாநிலங்கள் முதலில் திறந்தன, மத்திய அரசு பின்தங்கியது. கனடாவில் மத்திய அரசு முடிவெடுத்தது, மாகாணங்கள் பின்தொடர்ந்தன.

மயிலாடுதுறையிலிருந்து ஒரு கணக்குத் தணிக்கையாளர்: பட்டியல் மாறினால் கடைகள் சட்டபூர்வமாகாது என்கிறீர்கள். அப்படியானால் அந்த நிறுவனங்களின் பங்கு விலை ஏன் இந்தச் செய்திக்கு இப்படித் துள்ளுகிறது?

உங்கள் தொழிலுக்கு ஏற்ற கேள்வி. விடை வருமான வரியில் இருக்கிறது. மின்னியாபொலிஸைச் சேர்ந்த ஒரு போதைப்பொருள் வியாபாரி, தன் வியாபாரச் செலவுகளை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள 1981-இல் வரித் தீர்ப்பாயம் அனுமதித்தது. வெகுண்ட நாடாளுமன்றம் மறு ஆண்டே 280இ என்ற பிரிவைச் சேர்த்தது: முதலிரண்டு பட்டியல்களில் உள்ள பொருள்களை விற்பவர் வாடகை, சம்பளம், விளம்பரம் முதலிய செலவுகளைக் கழிக்க முடியாது, கொள்முதல் அல்லது உற்பத்தி விலையை மட்டும் கழிக்கலாம்.

ஒரு கடையின் விற்பனை 100 டாலர், சரக்கின் விலை 60, வாடகையும் சம்பளமும் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் நிற்கும் லாபம் 10. மற்ற வியாபாரிகள் இந்த 10-க்கு 21 சதவீத நிறுவன வரியாக 2.10 கட்டுவார்கள். கஞ்சாக் கடை 40-க்கு வரி கட்ட வேண்டும், அதாவது 8.40. செலவு இன்னும் சற்றுக் கூடினால், நஷ்டத்தில் ஓடும் கடையும் லாப வரி கட்டும். மூன்றாம் பட்டியலுக்கு மாறிய மறுகணம் இந்தப் பிரிவு பொருந்தாது. சிறை வாசலில் நிற்பவருக்கு இந்த உத்தரவால் என்ன கிடைக்கிறது என்று தேடிப் பார்த்தேன். வரி செலுத்துபவருக்குக் கிடைப்பதில் நூற்றில் ஒரு பங்கும் தென்படவில்லை. பங்குச் சந்தை சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறது.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு தாய்: என் மகள் பாஸ்டனில் மாணவர் விசாவில் படிக்கிறாள். அங்கே இது சாதாரணம் என்று சொல்கிறாள். சட்டப்படி அவளுக்கு ஏதாவது தொல்லை வருமா?

வரலாம் அம்மா. இதை மகளிடம் கோபமில்லாமல், ஆனால் அழுத்தமாகச் சொல்லுங்கள். மாசசூசெட்ஸில் கடைக்குள் போய் வாங்குவது மாநிலச் சட்டப்படி குற்றமல்ல. ஆனால் விசா, கிரீன் கார்டு, குடியுரிமை மூன்றும் மத்திய அரசின் கையில் இருப்பவை. குடியேற்ற அதிகாரிக்கு மாநிலச் சட்டம் கணக்கில் இல்லை. கைதும் தண்டனையும் இல்லாமலேயே, பயன்படுத்தியதாக அதிகாரியின் முன் ஒப்புக்கொள்வதுகூட, விடுமுறைக்கு வந்து திரும்பும்போது நாட்டுக்குள் அனுமதி மறுக்கப்படக் காரணமாகலாம். சொந்த உபயோகத்துக்காக 30 கிராமோ அதற்குக் குறைவாகவோ வைத்திருந்ததற்கான ஒரே ஒரு குற்றத்துக்கு நாடு கடத்தலிலிருந்து விலக்கு உண்டு என்பது உண்மை. அந்த விலக்கு நாட்டுக்குள் நுழையும் வாசலில் அதே வடிவில் கிடைக்காது. கைப்பேசியில் இருக்கும் படங்களும் செய்திகளும் எல்லையில் பார்க்கப்படுவது உண்டு என்பதையும் அவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலைக்கும் இது பொருந்தும். உரிமம் பெற்ற கஞ்சா நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலையானாலும், கணினி வேலையானாலும், குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தைக்கு அது தடையாகலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. மத்திய நிதி பெறும் பல்கலைக்கழகங்கள் வளாகத்துக்குள் கஞ்சாவைத் தடை செய்தாக வேண்டும். ஆகவே மாநிலம் அனுமதித்தாலும் விடுதி அனுமதிக்காது. கஞ்சா வைத்திருந்த குற்றத்துக்குப் பைடன் 2022-இல் தந்த பொது மன்னிப்பு குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்குமே உரியது. மாணவர் விசாவில் இருப்பவர்கள் அதில் சேரவில்லை. மாநிலச் சட்டத்துக்கும் மத்தியச் சட்டத்துக்கும் இடையிலான இந்தப் பள்ளத்தில் செனட்டர்களும் நிறுவனங்களும் சுகமாக நடந்து போகிறார்கள். விழுபவர்கள் வாக்குரிமை இல்லாத உங்கள் மகளைப் போன்றவர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊருக்கு வரும்போது நண்பர்களுக்கென்று கஞ்சா கலந்த மிட்டாய்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரும் விளையாட்டு அறவே வேண்டாம். நம் சட்டத்தில் அது போதைப்பொருள் இறக்குமதி. கலப்புப் பொருளில் போதைப்பொருளின் எடையை மட்டும் பிரித்துப் பார்ப்பதில்லை, மொத்த எடையே கணக்கு என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

வேதாரண்யத்திலிருந்து ஒரு வாசகர்: எங்கள் கடற்கரையில் இலங்கைக்குப் போகவிருந்த கஞ்சா மூட்டைகள் பிடிபடுவது வழக்கமாகிவிட்டது. அமெரிக்க மாநிலங்களைப் போல இங்கும் அனுமதித்துவிட்டால் கடத்தல் நின்றுவிடாதா?

நிற்காது என்றே நினைக்கிறேன். அதற்கு அமெரிக்காவே சான்று. ஆந்திர – ஒடிசா எல்லை மலைகளில் விளைந்து, சாலை வழியே வந்து, கோடியக்கரைப் பக்கம் படகேறும் சரக்கு, இங்கே தடை இருப்பதனால் மட்டும் கடல் தாண்டுவதில்லை. இலங்கையில் தடை இருப்பதனால் அங்கே கிடைக்கும் விலைக்காகத் தாண்டுகிறது. (அங்கே அதற்குக் "கேரளக் கஞ்சா" என்று பெயர், கேரளம் பாவம்.) கலிபோர்னியாவிலும் அப்படித்தான். 2016-இல் மக்கள் வாக்களித்து, 2018 ஜனவரியில் கடைகள் திறந்த பிறகும் கள்ளச் சந்தை அழியவில்லை. மாநிலக் கலால் வரி, விற்பனை வரி, உள்ளூர் வரி எல்லாம் சேர்ந்து கடைச் சரக்கின் விலையை ஏற்றின. ஏராளமான நகரங்கள் கடைகளையே அனுமதிக்கவில்லை. தடை நீடிக்கும் மாநிலங்களுக்குக் கடத்தினால் கூடுதல் விலை கிடைத்தது. ஓர் இடத்தில் மட்டும் தடையை நீக்கினால், பக்கத்து இடத்துக்குக் கடத்தும் லாபம் அப்படியே இருக்கும்.

நம் நாட்டு அரசியலில் இந்தக் கேள்வி இன்னும் பிறக்கவே இல்லை. 1961-ஆம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தம் மரபுவழிக் கஞ்சாப் பயன்பாட்டை நிறுத்த 25 ஆண்டு அவகாசம் தந்தது. அந்த அவகாசம் முடியும் தறுவாயில் ராஜீவ் காந்தி அரசு 1985-இல் என்.டி.பி.எஸ். சட்டத்தைக் கொண்டுவந்தது. பாட்டியாலா தொகுதி உறுப்பினராக இருந்த மருத்துவர் தரம்வீர் காந்தி இதைத் திருத்தத் தனிநபர் மசோதா முயற்சி எடுத்தார். நம் நாடாளுமன்றத்தில் 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் நிறைவேறியதில்லை என்பதால் அதன் கதி சொல்லாமலே விளங்கும். ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்க 2020 டிசம்பரில் 27-க்கு 25 என்று வாக்களித்தபோது, இந்தியா நீக்குவதற்கு ஆதரவாகவே வாக்களித்தது; ஆனால் உள்நாட்டுச் சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. தமிழ்நாட்டில் ஆளுங்கட்சியாக இருந்தாலும், எதிர்க்கட்சியாக இருந்தாலும், கஞ்சா என்பது சட்டம் ஒழுங்குக் குற்றச்சாட்டாகவே பேசப்படுகிறது. மதுவை அரசே விற்கத் தொடங்கி, அந்த வருமானத்திலிருந்து விடுபட முடியாமல் நிற்கும் மாநிலத்தில், இன்னொரு போதைக்கு அரசே உரிமம் தருவதை என்னால் ஆதரிக்க முடியவில்லை. அதே வேளையில், ஒரு கிலோ வரையுள்ள சிறு அளவோடு பிடிபடும் கல்லூரிப் பையனுக்கு ஓராண்டு வரை சிறை என்பதும் சரியாகப் படவில்லை. பழக்கத்துக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தரும் 64ஏ பிரிவு அதே சட்டத்தில் இருக்கிறது. அதை நம் நீதிமன்ற வளாகங்களில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு விவசாயி: போதை இல்லாத நார்க் கஞ்சாவை அமெரிக்காவில் விவசாயிகள் பயிரிடுகிறார்களாம். மேட்டூர் தண்ணீர் வராத வருஷங்களில் குறுவைக்குப் பதிலாக நாங்களும் முயலலாமா?

இப்போதைக்கு வேண்டாம் ஐயா. போதை தரும் டி.எச்.சி. என்ற பொருள் 0.3 சதவீதத்துக்கு மேல் இல்லாத செடியை 2018-ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தின் மூலம் அமெரிக்கா தடையிலிருந்து விடுவித்தது. புகையிலைச் சாகுபடி சுருங்கிவந்த கெண்டக்கியின் செனட்டர் மெக்கானல்தான் அதற்கு முன்நின்றார். ஆனால் அந்தச் செடியின் சாற்றிலிருந்தே போதை தரும் பொருள்களை வேதியியல் முறையில் உருவாக்கி, பெட்ரோல் நிலையங்களில்கூட மிட்டாயாகவும் பானமாகவும் விற்கத் தொடங்கினார்கள். கடைசியில் அதே மெக்கானல் வற்புறுத்தி, 2025 நவம்பரில் இயற்றப்பட்ட நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் அந்த ஓட்டையை அடைத்தார். ஒரு பொட்டலத்துக்கோ புட்டிக்கோ 0.4 மில்லிகிராமுக்கு மேல் டி.எச்.சி. கூடாது என்ற அந்த விதிக்கு ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. 2018 சட்டத்தை நம்பி விதைத்தவர்களும் ஆலை வைத்தவர்களும் வழி தெரியாமல் நின்றார்கள். கெண்டக்கியின் மற்றொரு செனட்டரான ராண்ட் பால் கடைசிவரை எதிர்த்துப் பார்த்தார், பலிக்கவில்லை.

இங்கே நாருக்காகவும் விதைக்காகவும் சாகுபடி செய்ய என்.டி.பி.எஸ். சட்டத்தின் 14-ஆம் பிரிவு இடம் தருகிறது. உத்தரகண்ட் 2018-இல் முதன்முதலாக உரிமம் கொடுத்தது. தமிழ்நாட்டில் அப்படியொரு உரிமத் திட்டம் இல்லை. உரிமமின்றி வளர்த்தால் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. போதை இல்லாத வகை என்று வாதாடுவது வழக்குப் பதிவான பிறகுதான் நடக்கும். அந்தச் செடிக்கு வேரில் நீர் தேங்கவே கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் உங்கள் ஊர்க் களிமண் வயல் எப்படி நிற்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் பற்றாத ஆண்டுகளுக்கு உளுந்தும் பயறும் எள்ளும் உங்களுக்குத் தெரிந்த பயிர்கள்; அவற்றுக்கு எந்தச் செனட்டரின் தயவும் தேவையில்லை.